வளையும் சிறகுக்கு வழி சொன்ன ராஜேஸ்வரி டீச்சர்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, வெலிமடையிலிருந்து மரக்கறி ஏற்றி வரும் லொறி ஒன்று பதுளையில் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. இதில் புதுமை ஒன்றும் இல்லை. சண்முகம் முதலாளியின் லொறிகள் எங்கள் வீட்டைத் தாண்டும்போது ஒரு கட்டு லீக்ஸையோ கொஞ்சம் கரட்டையோ இறக்கிவிட்டுத்தான் போகும். அன்றைக்குச் சாரதி வெறுங்கையோடு இறங்கினார். தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“மாஸ்டர், அம்மா போயிட்டாங்க.”

யாருடைய அம்மா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் என் மனைவி ஸுபைதா உள்ளேயிருந்து, “எங்கட டீச்சரா?” என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்துவிட்டார். சாரதி தலையசைத்தார். சிறுநீரக வியாதியோடு இரண்டு வருடம் போராடிய ராஜேஸ்வரி டீச்சர் அன்று விடியற்காலையில் காலமாகிவிட்டார்கள். வயது நாற்பத்தேழு.

வெலிமடையில் அவர்களைக் கணித டீச்சராக அறிந்தவர்கள் பலர். தோட்டங்களில் அவர்களை “பறந்த டீச்சர்” என்பார்கள். அது பட்டப்பெயர் என்றும் கட்டுக்கதை என்றும் இளைய ஆசிரியர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கதை இல்லை. அவர்கள் உண்மையிலேயே பறந்தார்கள். அந்த விமானத்தின் மரவேலை முழுவதும் என்னுடையது என்பதால் இதை நான் எழுதியே ஆகவேண்டும்.

அறுபதுகளின் நடுவில் டீச்சர் எங்கள் பாடசாலைக்கு நியமனம் பெற்று வந்தார்கள். நான் அங்கே மரவேலை ஆசிரியர். அவர்களுடைய தகப்பனார் வேலாயுதம் ஐயா ஹாலிஎலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போய் விஞ்ஞானப் பட்டம் எடுத்த பெண் என்பதால் ஆசிரியர் அறையில் அவர்களைக் கொஞ்சம் பயத்தோடுதான் எதிர்பார்த்தோம். வந்த முதல் வாரமே மழைக்காற்றில் என் குடை திரும்பிக்கொண்டது. கம்பிகளை நிமிர்த்தியபடி குடை விற்ற கடைக்காரரைத் திட்டிக்கொண்டு உள்ளே வந்தேன். டீச்சர் குடையை வாங்கி இப்படியும் அப்படியும் பார்த்தார்கள்.

“குடை மேல தப்பில்லைங்க மாஸ்டர். காத்து சொன்னதக் கேட்டுச்சு. நீங்க சொன்னதக் கேக்க அதுக்கு ஒரு வழி வேணும்ல?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்கள் மனதில் இருந்தது குடையல்ல என்பது போகப்போகத் தெரிந்தது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் காலத்தில் விமானங்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்திருக்கிறார்கள். விமானப் பொறியியல் படிக்க வேண்டும் என்று கேட்டபோது, பெண்பிள்ளைக்கு எதற்கு என்று ஒரு பெரியவர் சிரித்தாராம். “ஏரோப்ளேன் கம்பெனிக்காரங்க என்னையத் தேடி ஹாலிஎலைக்கு வரப்போறதில்ல. அதனால நாமளே ஒண்ணு ஆரம்பிச்சிருவோம்” என்பார்கள். அந்த ‘நாமளே’ என்ற சொல்லுக்குள் நான் எப்போது போய்ச் சேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது.

முதலில் கைக்கு அடக்கமான சிறு வடிவங்கள் செய்தோம். மூங்கில் ஈர்க்கு, மெல்லிய தாள், கொஞ்சம் பசை. பிறகு கையகலச் சிறகு முழ நீளமானது. எழுபதுகள் பிறந்த பிறகு, ஆள் ஏறக்கூடிய, இயந்திரம் இல்லாத சறுக்கு விமானம் ஒன்றைச் செய்வது என்று முடிவாயிற்று. அது எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடான காலம். துணி கூப்பனுக்குத்தான் கிடைக்கும். பேக்கரிக்காரர்களிடம் வெறும் மாச்சாக்குகளை வாங்கி ஸுபைதா வெளுத்து, பிரித்துத் தைத்தார். எவ்வளவு வெளுத்தும் சாக்கில் அச்சடித்திருந்த சேவல் போகவில்லை. ஆகவே எங்கள் விமானத்தின் இடது சிறகில் சேவல்கள் வரிசையாக நின்றன. கட்டுப்பாட்டுக் கம்பிகளுக்குச் சைக்கிள் பிரேக் கம்பி. சட்டத்துக்கு ஆற்றோரத்து மூங்கில்.

அந்த மூங்கிலை ஏற்றிவர வந்தவர்தான் சண்முகம். அப்போது அவர் முதலாளி இல்லை. வெலிமடை உருளைக்கிழங்கைப் பதுளைக்குக் கொண்டுவரும் ஒரேயொரு பழைய லொறியின் சொந்தக்காரர், சாரதி, கிளீனர் எல்லாம் அவரே.

“என்னா டீச்சர், கல்யாணப் பந்தலுக்கா?” என்று கேட்டார்.

“இல்லைங்க, பறக்குறதுக்கு.”

சண்முகம் மூங்கிலைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். கூலி வேண்டாம் என்றார். பார்ப்பதற்கு மட்டும் விட்டால் போதுமாம்.

சிறகுகளைப் பூட்டி முடித்ததும், ஆளுக்குப் பதில் என் எடைக்கு ஒரு மணல் மூட்டையை வைத்து, கயிற்றில் கட்டிப் பாடசாலை மைதானத்தின் மேட்டில் காற்றுக்கு எதிரே தூக்கிப் பார்த்தோம். என் எடை எதற்கென்றால், ஆசிரியர்களிலேயே மெலிந்தவன் நான், ஓட்டுநராக நானே தெரிவாகியிருந்தேன். ஒவ்வொரு சிறகின் பின்விளிம்பிலும் கதவுபோல ஆடும் ஒரு சிறு பலகை உண்டு. வலது பலகையைக் கீழே இறக்கினால் வலது சிறகு எழும்ப வேண்டும். கம்பியைக் கீழிருந்து நான்தான் இழுத்தேன். மெல்லிய காற்றில் சொன்னபடி கேட்டது. திடீரென்று ஒரு பெருங்காற்று வந்தது. வலது சிறகு தாழத் தொடங்கியது. பலகையை இன்னும் இறக்கினேன். இன்னும் தாழ்ந்தது. அப்படியே கவிழ்ந்து மேட்டில் மோதி, என் மணல் மூட்டை வெடித்துச் சிதறியது.

ஆசிரியர் அறையில் எல்லோரும் ஒரே குரலில், ஹனீபா மாஸ்டர் கம்பியை மாற்றிக் கட்டிவிட்டார் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துத் தலை குனிந்திருந்தேன். டீச்சர் மட்டும் உடைந்த சிறகுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தார்கள். எழும்பி வந்து, “மாஸ்டர் கட்டினது சரி. யாரும் அவரக் குத்தம் சொல்லாதீங்க. ரெக்கைதான் நம்மகிட்ட வேற என்னமோ சொல்லுது” என்றார்கள்.

அது என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு லொறி வந்தது. திருத்திய சிறகொன்றைச் சண்முகத்தின் லொறிக் கூரையில் பூட்டினோம். நேரான பாதை ஒன்றைத் தேடிப் பிடித்தோம். மலையும் வளைவுமான எங்கள் ஊவாவில் அது கிடைப்பதே பெரிய காரியம். சண்முகம் ஓட்ட, நான் பின்னால் நின்று கம்பியை இழுக்க, டீச்சர் உருளைக்கிழங்கு மூட்டைகளின் மேல் ஏறி நின்று சிறகைக் கண் வெட்டாமல் பார்த்தார்கள். மெதுவாகப் போகையில் சிறகு சொன்னபடி எழும்பியது. சற்று வேகம் கூடியதும் பலகையை எவ்வளவு இழுத்தாலும் ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் வேகம் கூட்டியதும் எழும்ப வேண்டிய சிறகு தாழ்ந்தது.

“முறுகுது! மாஸ்டர், ரெக்க முறுகுது!” என்று டீச்சர் மூட்டைமேல் நின்றபடியே கை தட்டினார்கள். லொறி ஒரு வளைவில் திரும்பியது. அவர்கள் கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் விழுந்து, சிரித்துக்கொண்டே எழும்பினார்கள். கிழங்குக்காகக் காத்திருந்த ஹாலிஎலை வியாபாரி அன்று எங்களைத் திட்டிய திட்டு இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்று மாலை ஒரு கொப்பி அட்டையைக் கையில் பிடித்து எங்களுக்கு விளக்கினார்கள். பின்விளிம்புப் பலகையைக் கீழே இறக்கினால் காற்று அதை மேல் நோக்கித் தள்ளுகிறது. சிறகு விறைப்பானதாக இருந்தால் முழுச் சிறகும் எழும்பும். எங்கள் சிறகு லேசானது, ஆகவே வளையக்கூடியது. பின்பக்கம் மேலே தள்ளப்படும்போது சிறகே முறுகி அதன் முன்விளிம்பு தாழ்ந்துவிடுகிறது. முன்விளிம்பு தாழ்ந்த சிறகு இறங்கத்தானே பார்க்கும்? வேகம் கூடக்கூட அந்த முறுக்கு வென்றுவிடுகிறது. பெரிய தேசங்களில் வேகமான விமானங்களிலேயே இந்தத் தொல்லை உண்டாம். பெரிய விமானத்தில் நடப்பது நம்முடைய மாச்சாக்குச் சிறகிலும் நடக்கிறதென்பதில் அவர்களுக்கு அத்தனை பெருமை.

“அப்போ குறுக்குக் கட்டை போட்டு இறுக்கிருவோமா?” என்று சண்முகம் கேட்டார். நானும் அதையே நினைத்திருந்தேன்.

“இறுக்கினா பாரம் கூடும். பாரம் கூடினா எழும்பாது.” டீச்சர் கொஞ்ச நேரம் அட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தார்கள். “மாஸ்டர், இருக்கிற குறுக்குக் கட்டைகளையும் கழட்டிருங்க.”

“கழட்டவா?”

“அது எதிர்மாறாத்தான் கேக்கும்னா, எப்பவுமே எதிர்மாறாக் கேக்கட்டும். பாதி வேகத்துல ஒரு மாதிரி, முழு வேகத்துல இன்னொரு மாதிரி கேட்டாத்தான் ஆபத்து. ரெக்கைய இன்னும் இளக்கமாக்கி, எழும்புறதுக்கு முன்னாடியே அது நல்லா முறுகிற மாதிரி வச்சிருவோம். அப்புறம் பலகைய மேல தூக்கினா ரெக்க எழும்பும். நம்ம கம்பிய மட்டும் மாத்திக் கட்டினாப் போதும்.”

சண்முகம் என் காதருகே வந்து, “மாஸ்டர், நீங்கதானே ஏறப்போறீங்க? உங்களுக்கு எத்தன புள்ளைங்க?” என்று கேட்டார்.

இளக்கிய சிறகை மறுபடி லொறியில் ஏற்றினோம். இம்முறை எல்லா வேகத்திலும் ஒரே மாதிரிக் கேட்டது. ஆனால் ஒரு வேகத்தைத் தாண்டியதும் நனைந்த நாய் உதறுவதுபோல உதறத் தொடங்கி, பார்த்துக்கொண்டிருக்கையிலேயே நுனி முறிந்து தெருவில் போனது. அது டீச்சரைச் சில மாதங்கள் வருத்தியது. கடைசியில் சிறகின் முன்விளிம்பில் கொஞ்சம் பாரம் வைத்தால் உதறல் அடங்கும் என்று கண்டுபிடித்தார்கள். என் மைத்துனரின் மளிகைக் கடைத் தராசிலிருந்த சிறிய படிக்கற்கள் முன்விளிம்புக்குள் போயின. வைக்கும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்த்தோம். உதறல் நின்றது. மைத்துனரும் அத்தோடு என்னோடு பேசுவதை நிறுத்தினார்.

பறப்பதற்கு வேலாயுதம் ஐயாவின் தோட்டத்துக்கு மேலே இருந்த புல்வெளிச் சரிவைத் தெரிவு செய்தோம். தென்மேற்குக் கச்சான் காற்று சீராக அடிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தொழிலாளர் லயங்களிலிருந்து சனம் திருவிழாவுக்கு வருவதுபோல வந்தது. நான் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு ஆசனத்தை நோக்கிப் போனேன். அப்போது ஸுபைதா முன்னால் வந்து டீச்சரிடம் நேராகக் கேட்டார்.

“டீச்சர், கோவிக்க வேணாம். இவருக்கு ஒண்டு ஆனா நான் ஆருட்ட போய்க் கேக்கிற?”

எனக்கு வெட்கமாக இருந்தது. டீச்சர் ஸுபைதாவின் கையைப் பிடித்தார்கள். “கேட்டது சரிதான். நான் போட்ட கணக்குல நான்தான் ஒக்காரணும்.” என் தலைத் துவாயை வாங்கித் தங்கள் தலையில் கட்டிக்கொண்டு ஏறி அமர்ந்தார்கள். தம்பியின் நீளக்காற்சட்டையை அன்று சேலைக்கு உள்ளேயே அணிந்து வந்திருந்தார்கள். பிறகு யோசித்தால், அவர்கள் என்னை ஏற்றுவதாக ஒருநாளும் நினைத்திருக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. சேலையைக் கழற்றி ஸுபைதாவிடம் மடித்துக் கொடுத்த விதம் அப்படி.

வேலாயுதம் ஐயா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

சண்முகம் முதல் ஆளாகக் கயிற்றைப் பிடித்தார். பின்னால் தோட்டத்து ஆண்கள் பெண்கள் எல்லோரும் பிடித்தார்கள். தேர் இழுக்கும் சத்தத்தோடு சரிவில் ஓடினார்கள். விமானம் புல்லைத் தேய்த்தது, துள்ளியது, பிறகு தேய்க்கும் சத்தம் நின்றுவிட்டது. கயிறு கழன்று விழுந்தது. டீச்சர் எங்கள் தலைகளுக்கு மேலே போனார்கள்.

பள்ளத்தைத் தாண்டும் இடத்தில் காற்று ஒரு பக்கமாக அடித்தது. இடது சிறகு தாழ்ந்தது. மணல் மூட்டை வெடித்த அதே சாய்வு. ஸுபைதா என் கையை நகம் பதியப் பிடித்தார். அப்போது இடது பலகை மேலே எழுந்ததைக் கண்டேன். சேவல் வரிசை வளைவது தெளிவாகத் தெரிந்தது. சிறகு மெல்ல முறுகியது, நிமிர்ந்தது, சமமானது. சொன்னதைக் கேட்டது! சண்முகம் “கேட்டிருச்சு, கேட்டிருச்சு!” என்று கத்திக்கொண்டு கொழுந்துச் செடிகளுக்குள்ளே ஓடினார்.

டீச்சர் வலப்பக்கம் ஒரு வட்டம் போட்டார்கள், இடப்பக்கம் ஒரு வட்டம் போட்டார்கள். இறங்குவதற்காக நாங்கள் வைக்கோல் பரப்பியிருந்த இடத்தை விட்டுவிட்டு, மலை மடிப்புக்கு அப்பால் மறைந்தார்கள்.

நாங்கள் மூச்சிரைக்க ஓடிப் போய்ப் பார்த்தபோது விமானம் தோட்ட நிர்வாகியான பெரிய துரையின் பங்களாப் புல்தரையில் நின்றது. துரையும் துரைசானியும் தேநீர்க் கோப்பைகளோடு எழும்பி நின்றிருந்தார்கள். துரை ஆங்கிலத்தில், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாராம். டீச்சர் வானத்தைக் காட்டினார்களாம். அனுமதி வாங்கினீர்களா என்று அடுத்த கேள்வி. “வாங்கலாம்னுதான் இறங்கினேன்” என்று அதே ஆங்கிலத்தில் பதில். துரைசானி சிரித்துவிட்டு இன்னொரு கதிரை கொண்டுவரச் சொன்னார்.

வேலாயுதம் ஐயா வேலிக்கு வெளியே நின்றார். வாழ்நாள் முழுவதும் அந்தப் பங்களாவின் பின்வாசலில் நின்று கணக்கு ஒப்புவித்தவர். டீச்சர் கதிரையில் உட்காராமல் வந்து, “அப்பா, உள்ள வாங்க” என்று கையைப் பிடித்துப் புல்தரைக்குள் கூட்டிப்போனார்கள். அவர் செருப்பைக் கழற்றக் குனிந்தார். “போட்டுக்கிட்டே வாங்கப்பா” என்றார்கள். நான் டீச்சரின் கண் கலங்கிப் பார்த்தது அன்று மட்டும்தான்.

அடுத்த வாரம் பொலிஸார் வந்தார்கள். வானத்தில் எது பறந்தாலும் விசாரிக்கும் காலம் அது. கொழும்பிலிருந்து அனுமதி வரும்வரை விமானம் நிலத்தில் இருக்க வேண்டும் என்று உத்தரவானது. அனுமதி வரவேயில்லை. அதைக் கழற்றிக் கடைவீதியில் சண்முகத்துக்குத் தெரிந்த ஒரு களஞ்சிய அறையில் வைத்தோம்.

டீச்சர் அதிக நாள் வருந்தவில்லை, கலியாணம் செய்துகொண்டார்கள். மாப்பிள்ளை சண்முகம். பட்டம் படித்த மகளுக்கு லொறிக்காரரா என்று உறவினர்கள் குமுறினார்கள். “எத்தன வளைவு! ஒரு தடவகூட ரெக்கையில கீறல் விழாமக் கொண்டுவந்து சேத்தாரு. எனக்கு அது போதும்” என்றார்கள். வேலாயுதம் ஐயா உடனே சம்மதித்தார்.

வெலிமடைக்குப் போன பிறகும் கை சும்மா இருக்கவில்லை. மலைக்காற்றில் காற்றாடிப் பம்புகள் அடிக்கடி உடைவதைப் பார்த்து, பெருங்காற்றில் தானே முறுகிக் காற்றை வழிய விடும் மெல்லிய இதழ்களோடு ஒரு காற்றாடி செய்தார்கள். அதற்கும் மரவேலை அடியேன்தான். லீக்ஸ் பாத்திகளுக்கு அது பல வருடம் நீர் இறைத்தது. பார்க்க வந்த ஒரு விவசாயி, “இவ்ளோ மெலிசா இருக்கே, தாங்குமாம்மா?” என்று கேட்டார். “தாங்காதுங்க, வழி விடும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தேநீர் ஊற்றினார்கள்.

எண்பத்து மூன்று ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில் பதுளைக் கடைவீதி எரிந்தபோது டீச்சரும் பிள்ளைகளும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். தெரு அடங்கும்வரை ஸுபைதா அவர்களை வெளியே விடவில்லை. களஞ்சிய அறையும் எரிந்துவிட்டது என்று நான் வந்து சொன்னேன். டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்து, “தைக்க ஸுபைதா இருக்காங்க. செதுக்க நீங்க இருக்கீங்க. இன்னொண்ணு செய்யலாம் மாஸ்டர்” என்றார்கள். செய்யலாம் என்று நானும் சொன்னேன். வருடங்கள் போயின. செய்யவில்லை.

கடைசியாக வைத்தியசாலையில் பார்த்தேன். முகம் வீங்கியிருந்தது, சிரிப்பு அதே சிரிப்பு. யன்னலுக்கு வெளியே ஒரு பருந்து காற்றில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. “அது நுனிச் சிறகப் பாருங்க மாஸ்டர். ஒவ்வொண்ணும் தனித்தனியா முறுகுது. அதுல பாதிகூட நாம செய்யல” என்றார்கள். குறைப்பட்டுக்கொள்ளும் குரலே இல்லை. நாளைக்கு வேலைக்கு வரச்சொல்லும் குரல்.

புதன்கிழமை வெலிமடையில் இறுதிச் சடங்கு நடந்தது. ஹாலிஎலை, பூனாகலை என்று பல தோட்டங்களிலிருந்து சனம் லொறி லொறியாக வந்து இறங்கியது. வாசலில் நின்றிருந்த பெரியவர் ஒருவர், அன்றைக்குக் கயிறு இழுத்தவர்களில் தாமும் ஒருவர் என்றார். அவருக்குப் பக்கத்தில் நின்றவரும் இழுத்தாராம். தோளில் குழந்தையோடு வந்த ஒரு பெண், தன் தாயார் வயிற்றில் தன்னைச் சுமந்துகொண்டே இழுத்ததாகச் சொன்னார். மீசை சரியாக முளைக்காத ஒருவன் தானும் இழுத்தேன் என்று அடித்துச் சொன்னான். கணக்குப் பார்த்தால் ஊவா மாகாணத்தில் பாதிப்பேர் அந்தக் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். சண்முகம் முதலாளி அழுதுகொண்டிருந்தவர் நிமிர்ந்து, அந்தப் பையனின் தோளில் கை வைத்து, “ஆமாப்பா, நீயும் இழுத்த. எனக்கு ஞாபகம் இருக்கு” என்றார்.

டீச்சர், உங்களைத் தூக்கிவிட இத்தனை பேர் இருக்கிறோம். போய் வாருங்கள்.